பதினைந்து படங்களும் ஓர் அன்பான குமாஸ்தாவும்

1

பிப்ரவரி 22, ஞாயிறு, பிற்பகல் 1 மணி 50 நிமிடம். வெளியே மைனஸ் இருபத்து மூன்று டிகிரி. காற்றைச் சேர்த்தால் மைனஸ் முப்பத்து நான்கு. வெயில் மட்டும் நம் ஊர்ப் பங்குனி வெயில் போலக் கண்ணைக் கூச வைத்தது. கனடாவில் வின்னிபெக் நகரத்தில், எங்கள் வட்டார நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில், இடமிருந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேல்கோட்டு, உள்கோட்டு, கையுறை, குல்லா, கழுத்துத்துணி என்று கழற்றி வைத்ததில் ஏழு உருப்படிகள் மடியில் இருந்தன.

வருடா வருடம் அமெரிக்காவில் படங்களுக்கு ஒரு பெரிய விருது கொடுக்கிறார்கள். தங்க நிறத்தில் ஒரு பொம்மை. சிறந்த படத்துக்குப் பத்துப் படங்களும், சிறந்த குறும் ஆவணப்படத்துக்கு ஐந்து படங்களும் போட்டியில் இருக்கும். எங்கள் நூலகத்தில் இந்தப் பதினைந்தையும் ஆறு வாரத்தில் இலவசமாகக் காட்டுகிறார்கள். ஒரு அட்டை தருவார்கள், அதில் பதினைந்து கட்டங்கள். படத்துக்கு ஒரு முத்திரை. பதினைந்தும் நிரம்பியவருக்குப் பரிசு உண்டு.

எனக்குப் பரிசு ஆசை இல்லை. மகள் தேன்மொழி காலை 7.20க்கு வேலைக்குப் போகிறாள், பேத்தி 8.05க்குப் பள்ளிக்கு. பிறகு வீட்டில் நானும் வெப்பக்காற்று இயந்திரமும். அது ஒரு மணி நேரத்துக்கு நான்கு முறை முனகும். நூலகத்தில் அந்தச் சத்தம் இல்லை.

அட்டை வாங்கவே இரண்டு முறை நடந்தேன். விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டுமாம். மின்சாரக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம் எதிலும் என் பெயர் இல்லை. கடைசியில் இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று தேன்மொழி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உறவுமுறை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. ஆக நூலகக் கணக்கில் நான் என் மகளின் குடித்தனக்காரன். வயதைக் கேட்டபோது நம் வழக்கப்படி "செவன்டி டூ ரன்னிங்" என்றேன். நூலகர் லிண்டா நெஞ்சில் கை வைத்து வியந்தார். மறு வாரத்திலிருந்து முதியோர் ஓட்டப் பயிற்சிக் குழு எனக்குக் கடிதம் போடுகிறது. இதுவரை ஐந்து.

2

படங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்கள் இந்தப் பத்தையும் தேடிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

என் நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு பத்திகள். நீளம், திரையில் அழுதவர்கள், கூடத்தில் அழுதவர்கள், வேலை. கடைசிப் பத்தி, படத்தில் யாராவது பிழைப்புக்கு வேலை செய்கிறார்களா என்பதற்காக. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையின் டைம் ஆபீசில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று பார்த்துப் பார்த்தே என் கண் பழுதாகிவிட்டது.

முதல் படம் மூன்று மணி பதினோரு நிமிடம். ஒருவர் பியானோ வாசிக்கிறார், துக்கப்படுகிறார். ஒன்பது முறை மழை பெய்கிறது. வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. இரண்டாவதில் மூன்று சகோதரிகள், கடற்கரையில் பதினோரு அறை கொண்ட வீடு. அதைப் பாகம் பிரிக்க இரண்டு மணி நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார்கள். இதையே எங்கள் ஊர் கவரைப்பேட்டை டீக்கடையில் உட்கார வைத்திருந்தால் பதினைந்து நிமிடத்தில் சட்டையைப் பிடித்து, அடுத்த பதினைந்து நிமிடத்தில் பத்திரமும் எழுதியிருப்பார்கள். மூன்றாவது விண்வெளிப் படம். ஒருவன் தனியாக ஒரு கிரகத்தில் பதினோரு வருடம் இருக்கிறான். அவனுக்குக்கூட நாள்தோறும் மகளிடமிருந்து செய்தி வருகிறது.

நான்காவது தொழிற்சாலைப் படம் என்றார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதாநாயகன் கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்கிறான். சட்டையில் ஒரு கறை இல்லை. இரண்டு காதல், ஒரு வேலைநிறுத்தம், அத்தனையும் ஷிப்டு நேரத்தில். ஒருமுறைகூட வருகைக் கார்டு அடிக்கவில்லை. எங்கள் ஆலையாக இருந்தால் படத்தின் முதல் வாரத்திலேயே அவனுக்குச் சம்பளப் பிடித்தம்.

ஐந்தாவதில் ஒரு கிழவருக்கு ஞாபகம் போகிறது. அதற்கு மட்டும் தேன்மொழி விடுப்பு போட்டு என்னோடு வந்தாள். படத்தின் நடுவில் ஏழு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பும்போது காரில் சாதாரணமாகக் கேட்பதுபோல, "அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள்.

"வியாழன். போன வியாழன் இதே நேரத்துக்கு மைனஸ் பதினெட்டு. உன் காரில பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழ இருக்கு. இடது பக்கம் ஒரு விளக்கு எரியல."

"ஒண்ணும் இல்லப்பா, சும்மா கேட்டேன்."

அடுத்த இரண்டில் நான் தூங்கிவிட்டேன். முறையே 22 நிமிடம், 40 நிமிடம். மீதி மூன்றைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. அந்தப் படங்களுக்கும் என்னைப் பற்றி இருந்திருக்காது.

3

பிப்ரவரி 22 அன்று குறும் ஆவணப்படங்கள் ஐந்தையும் சேர்த்துக் காட்டினார்கள். முதலாவது தேனீ வளர்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. இரண்டாவது ஒரு நாயைப் பற்றியது. காது கேளாத ஒரு சிறுமிக்கு வாசல்மணி அடித்தால், பால் பொங்கினால் ஓடிவந்து சொல்கிறது அந்த நாய். நான்காவது பத்தியில் எழுதினேன்: "இதுவரை பார்த்த படங்களில் முழு ஷிப்டு வேலை பார்த்தது இந்த நாய் ஒன்றுதான்."

மூன்றாவது படம், 31 நிமிடம். திரை இருட்டாக இருக்கும்போதே ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. மின்சார ரயில் வருகிறது, தண்டவாளத்தைக் கடக்காதீர்கள் என்ற நம் ரயில் நிலையக் குரல். அடுத்த நொடி கவரைப்பேட்டை நடைமேடை. நான் முப்பத்தோரு வருடம் நின்ற இடம். மடியில் இருந்த ஏழு உருப்படிகளில் மூன்று கீழே விழுந்தன.

முதலில் வழக்கம்போலக் குறைகளை எண்ணினேன். வேலைக்குப் போகிறார்கள் என்று எழுத்து வருகிறது, ஆனால் ரயில் ஆலைக்கு நேர் எதிர்த் திசையில் சென்னைப் பக்கம் போகிறது. குறை ஒன்று. உலை எரியும்போது வீணை. குறை இரண்டு. ஆலைச் சுவரை ஒட்டிப் பழவேற்காட்டுப் பூநாரைகள் நிற்பதுபோலக் காட்டுகிறார்கள். அந்தப் பறவை இந்தச் சுவரைப் பார்க்க வேண்டுமானால் பஸ் மாற வேண்டும். குறை மூன்று. இப்படியே ஒன்பது வரை போயிற்று.

பிறகு கேமரா பூட்டிக் கிடக்கும் ஓர் ஆலையின் கேட்டைக் காட்டியது. துருப்பிடித்த கேட்டின் மேலிருந்து மெதுவாக வலப்புறம் நகர்ந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திரையில் வருவதற்குள் என் வாய் சத்தமாகச் சொல்லிவிட்டது: "த்ரீ, சிக்ஸ், நைன், ஃபோர்."

கூடத்தில் நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. திரையில் பலகை வந்தது. 'விபத்தில்லா நாட்கள்' என்று நீல எழுத்து. கீழே கொக்கிகளில் நான்கு தகரத் தகடுகள். 3694. ஆலை மூடிய அன்று காலை அந்தக் கடைசித் தகட்டை மாட்டியவன் நான்.

அடுத்து ஒரு கை. முகத்துக்கு முன்னால் கைதான் வந்தது. வலது கை, கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். அந்தக் கை ஒரு டீ தம்ளரைப் பிடித்திருந்தது. தேசப்பன் என்று கீழே பெயர் போட்டார்கள். எனக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

தேசப்பன் பேசினான்:

"கை போன மறுநாளே ஊட்டு வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சி. ஏறுன்னாங்க. இன்னா சார், தையலே காயல, எங்க ஏறச் சொல்றீங்கன்னேன். வேலைக்குன்னாங்க. வேலை இன்னான்னா, டைம் ஆபீஸ் பெஞ்சில குந்திக்கினு இருக்கணும். அவ்ளோதான். பத்தொம்போது நாளு குந்திக்கினு இருந்தேன். அங்க ஒரு கிளார்க்கு சாரு. தெனம் ரெண்டு வேளை டீ வாங்கிக் குடுப்பாரு, தன் காசுல. சில நாளு வடைகூட. நல்ல மனுசன்."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான்கு பேர் கண்ணைத் துடைத்தார்கள். படம் முடியும்போது வெள்ளை எழுத்தில் ஒரு வரி: பதினான்கு வருடமாக அவர் ஊனத் தொகைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார், பதிவேடுகளின்படி விபத்து எதுவும் நடக்கவில்லை.

விளக்கு போட்டதும் லிண்டா என்னிடம் வந்தார். நீங்கள் அந்த ஊரா, அந்த எண் எப்படித் தெரியும் என்று கேட்டார். அங்கே வேலை பார்த்தேன் என்றேன். மூன்று வாரம் கழித்து, விருது நாளன்று பிற்பகல், இந்தப் படத்தை மறுபடி காட்டப் போகிறோம், நீங்கள் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார்.

"அந்த அன்பான குமாஸ்தாவை உங்களுக்குத் தெரிந்திருக்குமே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெரியும் என்றேன்.

4

ஊரில் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வராவிட்டால் அது விபத்து. பலகையில் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வந்துவிட்டால் அது சிறு காயம், எண் மேலே போகும். வந்து என்ன செய்தான் என்று பலகை கேட்காது. அதனால்தான் ஆட்டோ. மேலாளர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "போர்டுல சைபர் வரக் கூடாது."

தேசப்பனைக் காப்பீட்டு மருத்துவமனைக்கு அனுப்பவில்லை. அங்கே விபத்து அறிக்கை கேட்பார்கள். பஜாரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்பெனி செலவில் தைத்தார்கள். முதலாளி எவ்வளவு தாராளமானவர் என்று தேசப்பனின் மனைவியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெஞ்சு என் மேசைக்கு எதிரே இருந்தது. அவன் வலது கை கழுத்திலிருந்து கட்டித் தொங்கியது. கார்டை எடுத்து இயந்திரத்தில் செருக அவனால் முடியாது. காலை எட்டுக்கும் மாலை ஐந்துக்கும் அவன் கார்டை நான் அடித்தேன். பத்தொன்பது நாள், நாளுக்கு இரண்டு. முப்பத்தெட்டு முறை.

டீயும் முப்பத்தெட்டு. வடை பதினொன்று.

அந்த வருடம் தீபாவளி கழிந்த வாரத்தில் பலகையில் ஆயிரம் வந்தது. பாதுகாப்பு விருது வழங்கினார்கள். கேண்டீனில் பந்தல், பிரியாணி. தொழிலாளிக்கு மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர், ஆபீஸ்காரர்களுக்குச் சுவர்க் கடிகாரம். தேசப்பனும் மேடைக்கு வந்து இடது கையால் கேரியரை வாங்கினான். எல்லாரும் கைதட்டினோம். அதற்குப் பிறகு ஆலை மூடும்வரை அவன் கேட்டில் பெருக்கும் வேலையில் இருந்தான்.

அந்தக் கடிகாரத்தைத்தான் இங்கே கொண்டுவந்து சமையலறையில் மாட்டியிருந்தேன். எண்வட்டத்தில் கம்பெனி பெயர், தேதி, 'விபத்தில்லா 1000 நாட்கள்'. அதில் இந்திய நேரம் வைத்திருந்தேன். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் நம் ஊரில் இப்போது மணி என்ன என்று யார் கேட்டாலும் அதைத்தான் பார்க்கிறோம்.

5

படம் எடுத்த பெண்ணின் மின்னஞ்சலைத் தேன்மொழி தேடிப் பிடித்தாள். தொலைபேசி எண் வர மூன்று நாள் ஆயிற்று. வியாழன் காலை எட்டுக்கு அழைத்தேன். கடிகாரத்தில் மாலை ஏழரை.

"யாருபா?"

"தேசப்பா, நான் டைம் ஆபீஸ்…"

"அட, டைமாபீஸ் சாரா! இன்னா சார், உயிரோட கீறீங்களா? நீங்க போயிட்டீங்கன்னு போன வருசம் ஒருத்தன் மாலைக்கு டப்பு வசூல் பண்ணான் சார்."

"எவ்வளவு வசூலாச்சு?" கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நூத்திப்பத்து ரூபா. குடிச்சிட்டான்."

"படத்துல உன்னைப் பார்த்தேன்."

"நானே இன்னும் பாக்கல. செல்லுல அனுப்பிச்சி அந்தப் பொண்ணு, அது சுத்திக்கினே கீது. ஒரே டீயை எட்டு தபா குடிக்க வெச்சிச்சி சார். ஆறிப்போன டீ. மூஞ்சில சோகம் பத்தலன்னிச்சி. நாலாவது தபாவுக்கு மேல தானா வந்துச்சி."

"என்னை நல்ல மனுஷன்னு சொல்லியிருக்கே."

"ஆமா."

"உன் கார்டை அடிச்சது நான்தான்."

"தெரியும் சார். நான் எதுத்தாப்லதான குந்திக்கினு இருந்தேன். அதையும் சொன்னேன் சார். டீ குடுத்ததையும் சொன்னேன், கார்டு அடிச்சதையும் சொன்னேன். அந்தப் பொண்ணு டீயை வெச்சிக்கினு கார்டை வெட்டிடுச்சி போல. நீளமா பூடுச்சாம்."

மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது ஒரு பேஜாரு சார். நாஷ்டா கூட துன்னாம மொத ஆளாப் போய் நிப்பேன். அந்த மாசம் முழுக்க நீ வேலைக்கு வந்துகீறியே, கார்டு கீதே, அப்புறம் ஏது விபத்துன்றாங்க. அவங்க மேல தப்பு இல்ல, காயிதத்துல அப்டிதான கீது. அன்னிக்கி நடந்ததுக்கு எதுனா ஒரு காயிதம் கொண்டான்றாங்க. நான் எங்க போவேன்? கையைத்தான் காட்டணும். அது என்னிக்கிப் போச்சுன்னு அதுல எழுதியா கீது?"

"எங்கிட்ட எழுதியிருக்கு."

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். முப்பத்தோரு வருடத்துக்கு முப்பத்தோரு நாட்குறிப்புகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். கூடுதல் எடைக்குக் காசு கட்டிய தேன்மொழி இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவாள். தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு உரிய வருடத்தை எடுத்து வாசித்தேன்.

"ஜூலை 8, வியாழன், பிற்பகல் 2.40. கடும் வெயில், மேகம் இல்லை. கம்பி வெட்டும் மெஷின். தேசப்பன், வலது கை, மூன்று விரல். பலகை 871."

நாட்குறிப்பை மூடாமல் விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தேன்.

"வெயில்னா எழுதியிருக்கீங்க?"

"ஆமாம்."

"மழைன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன் இத்தினி வருசமா. கை ஈரமா இருந்துச்சி சார். அதான்."

அன்று மாலை தேன்மொழியிடம் சொன்னேன், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பப் போகிறேன் என்று. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"பொய்யா அட்டெண்டன்ஸ் போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்களா? முப்பத்தெட்டு தடவைன்னு எண்ணி வேற குடுப்பீங்க. இந்த வருஷம் உங்க சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் போடணும்ப்பா. எந்த நாட்டிலயாவது குற்றம் செஞ்சீங்களான்னு அதுல கேள்வி இருக்கு. நாளைக்கு அதை வெச்சு உங்களைத் திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பினா கவரைப்பேட்டையிலதான இறங்கணும். வழி தெரியும்."

"ஜோக் அடிக்காதீங்க. அங்க உங்களைப் பாத்துக்க யாரு இருக்கா?"

அவள் அம்மா இறந்து பத்து வருடம் ஆகிறது என்பது அவளுக்கும் தெரியும். பதினான்கு வயதுப் பேத்தி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தமிழ் பேசுவது அபூர்வம், மாதத்துக்கு ஆறேழு வாக்கியம். அன்று ஒன்றைச் செலவழித்தாள்.

"தாத்தா, நீங்க நல்ல கிளார்க்கா, கெட்ட கிளார்க்கா?"

தேன்மொழி அவளை மேலே போகச் சொன்னாள். அவள் போகவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஊரில் விடிந்து காலை ஆறு மணி.

6

விருது நாள் பிற்பகல். மைனஸ் நான்கு, தூவிய உப்பில் பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. கூடத்தில் 43 பேர். வாசலில் தங்கப் பொம்மையின் அட்டை உருவம் ஒன்றை நிறுத்தி, அதனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தேன்மொழி கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகத் தயாராக இருப்பவள்போல.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எழுதிவைத்த இரண்டு பக்கத்தை வாசித்தேன். ரயில் தவறான திசையில் போகிறது என்றேன், சிரித்தார்கள். பூநாரை பஸ் மாற வேண்டும் என்றேன், அதற்கும் சிரித்தார்கள். பிறகு பத்தாவது குறைக்கு வந்தேன். படத்தில் வரும் அன்பான குமாஸ்தா நான்தான். நான் முப்பத்தெட்டு டீ வாங்கிக் கொடுத்தேன், முப்பத்தெட்டுப் பொய்க் கார்டு அடித்தேன். டீயால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்டால் பதினான்கு வருடம் போயிற்று. படத்தில் டீ இருக்கிறது, கார்டு இல்லை. அவ்வளவுதான் வாசித்தேன்.

நான் காகிதத்தை மடித்தேன். முன் வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து கைதட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு நொடி தட்டினார்கள். எவ்வளவு துணிச்சல் என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். லிண்டா அழுதபடி என்னை மேடைக்கு மறுபடி அழைத்து, பதினைந்து முத்திரையும் பெற்ற ஒரே உறுப்பினர் என்று அறிவித்து, தங்கப் பொம்மை அச்சடித்த துணிப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். மறுபடி கைதட்டல்.

ஒரே விபத்துக்கு நான் வாங்கிய இரண்டாவது பரிசு அது. முதல் பரிசாவது மணி காட்டியது.

திரும்பும்போது கார் சிக்னலில் நின்றது. தேன்மொழி, "நோட்டரி ஆபீஸ் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திறக்கும். நான் லீவு போட முடியாது. பஸ் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க" என்றாள்.

மறுநாள் காலைச் செய்தியில் பார்த்தேன். நாய்ப் படத்துக்குத்தான் விருது. நூலகம் எங்களுக்குக் கொடுத்திருந்த வாக்குச்சீட்டில் நானும் அதற்குத்தான் முதலிடம் போட்டிருந்தேன். அதில் நம் ஊர்ப் படத்துக்கு இரண்டாம் இடம். இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாய் எந்த இடத்திலும் பொய்க் கணக்கு எழுதவில்லை.

7

நோட்டரி ஓர் இளம் பெண். என் வாக்குமூலப் பத்திரத்தைப் படித்துவிட்டு, இதில் உள்ளது உண்மையா என்று தாம் கேட்கக் கூடாது, கையெழுத்து என்னுடையதா என்று மட்டும்தான் கேட்கலாம் என்றார். என்னுடையதுதான் என்றேன். முப்பத்தெட்டு முறை கார்டு அடித்தபோதும் என்னை யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. பிறகு அதற்கு மேல் ஒரு சான்றொப்பம், அதற்கு அஞ்சலில் அனுப்பி அஞ்சலில் திரும்பப் பெற வேண்டும், பதினோரு நாள். பத்திரத்தில் ஒட்டிய புகைப்படத்தில் என் காது தெரியவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். வெயிலா மழையா என்பதுவரை எழுதிய நாட்குறிப்பின் பக்கத்தை நகல் எடுத்தேன். மூலத்தையும் அனுப்பத் தீர்மானித்தேன்.

அந்த வருடத்துக் கம்பெனிப் பொருள் எது இருந்தாலும் நல்லது என்று தேசப்பனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சமையலறையில் கடிகாரத்தைக் கழற்றினேன். சுவரில் வெள்ளையாக ஒரு வட்டம் மிஞ்சியது. பேத்தி அதன் நடுவில் பென்சிலால் இரண்டு முள் வரைந்து வைத்திருக்கிறாள். இந்திய நேரமா இந்த ஊர் நேரமா என்று நான் கேட்கவில்லை.

கூரியர் அலுவலகத்தில் ஒரு படிவம். பொருள்கள் என்ற இடத்தில் எழுதினேன்: பழைய நாட்குறிப்பு ஒன்று, பத்திரம் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று. மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் தலையை ஆட்டினாள். "சைபர் போட முடியாது, ஐயா. கணினி ஏற்றுக்கொள்ளாது. ஏதாவது ஓர் எண் போடுங்கள்."

இந்த வாக்கியத்தை இருபத்தோரு வருடத்துக்கு முன்பே வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்று உடனே தலையாட்டினேன். இன்று நான்கு நிமிடம் வாதாடினேன், பின்னால் வரிசையில் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் 'ஒன்று' போட்டேன். ஜூலை 9 அன்று சைபர் போட்டிருந்தால், ஜூலை 10 காலையில் நான் பலகையில் மாட்டியிருக்க வேண்டிய தகடும் அதுதான்.

ஒன்பதாம் நாள் தேசப்பன் கூப்பிட்டான்.

"சார், வந்துச்சி. கடியாரம் ஓடுது சார், அஞ்சு நிமிசம் ஸ்பீடு. ஆபீஸ்ல காயிதத்தை வாங்கி, படிச்சிப் பாத்துட்டு, நகல்ல முத்திரை குத்திக் குடுத்தாங்க. பதினாலு வருசத்துல மொத முத்திரை. அடுத்த மாசம் வரச் சொல்லிகீறாங்க. அந்தக் கிளார்க்கு நேர்ல வருவாரான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"கூப்ட்டா வருவாருன்னேன். வருவீங்கல்ல?"

வருவேன் என்றேன். தேன்மொழி அருகில்தான் இருந்தாள். அடுப்பைச் சிறியதாக்கினாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். இத்தெல்லாம் அனுப்ப உங்களுக்கு இன்னா செலவாச்சி? மறைக்காம சொல்லுங்க, நீங்க எழுதி வெச்சிருப்பீங்க."

எழுதித்தான் வைத்திருந்தேன். நோட்டரி, சான்றொப்பம், காது தெரியும் புகைப்படம், நகல், கூரியர், பஸ் ஆறு நடை எல்லாம் சேர்த்து இருநூற்று இருபத்திரண்டு டாலர் ஐம்பது சென்ட். இந்த முறை ஒரு சென்ட்டும் குறைக்காமல் எழுதியபடியே வாசித்தேன்.